மலைக்குள் கிடந்த சிப்பி

என் உயிரான அண்ணனுக்கு,

ஈப்போ சுண்ணாம்பு மலையில் பாறை சரிந்து நீ போய் எட்டு மாதமாகிறது. அண்ணியும் உன் மகளும் பத்து காஜா ஊர் ரப்பர் தோட்டத்தில் என்னோடுதான் இருக்கிறார்கள். காலையில் நானும் அண்ணியும் பால்வெட்டுக்குப் போகிறோம். மிஷன் பள்ளியில் படித்த எழுத்தை வைத்து இதை எழுதுகிறேன். எங்கே அனுப்புவது?

கல்லுடைக்கும் வேலையிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது, கல்லோடு ஒட்டிய அரைச் சிப்பி ஒன்றைக் காட்டினாய்.

"பாரு புள்ள, அம்புட்டு ஒசரத்துல கெடந்துச்சு. அங்க ஒரு காலத்துல கடல் இருந்திருக்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "கறிக்கு வாங்குன மட்டிச் சிப்பிய ஒட்டவெச்சு ஏமாத்துறியாண்ணே? முழுசா ஒண்ணு கொண்டா, நம்புறேன்."

"கொண்டாரேன்லா!" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டுப் போனாய்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சோற்றுப் பானையைத் திறந்தபோது, நீ மட்டும் அந்தப் பாறை இடுக்குக்குள் போனாயாம். "சாப்பிடுற நேரத்துல அங்க அவருக்கு என்ன வேலை?" என்று அண்ணி இன்றும் கேட்கிறாள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் உன் மூடிய விரல்களைப் பிரித்தது நான்தான். உள்ளே முழுச் சிப்பி இருந்தது. யாருக்கும் தெரியாமல் மடியில் முடிந்துகொண்டேன்.

போன வாரம் பாறைகளை ஆராயும் துரை ஒருவர் தோட்டத்துப் பக்கம் வந்தார். அவரிடம் அதை நீட்டினேன். நெடுநேரம் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"நோவா காலத்து வெள்ளத்துல வந்ததாங்க?" என்று கேட்டேன்.

துரை சொன்னதைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார். "இல்லம்மா, அதுக்கும் ரொம்ப முந்தி. இது உசுரோட இருந்தப்ப மனுசன் இல்ல, பறவை இல்ல, பூக்கிற மரம் ஒண்ணுகூட இல்லியாம். இந்த மாதிரி செத்ததுங்க கடலடியில படிஞ்சு படிஞ்சு இறுகுனதுதான் அந்த மலையாம்."

"இதோட சாதிசனம் இப்ப எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. அடியோட போயிருச்சு. பொறவு வேற வேற உசுருங்க வந்துச்சு. நாமல்லாம் நேத்து வந்தவங்க."

அன்றிலிருந்து எனக்கு வெற்றிலை இறங்கவில்லை அண்ணே. விரலில் சுண்ணாம்பைத் தொட்டால் யாரோ என்னைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. கோயில் சுவரின் வெள்ளையும் அந்த மலைதானே? உன் ரத்தம் ஊறிய கல்லையும் இந்நேரம் சூளையில் போட்டிருப்பார்களா? அது யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது?

துரை சிப்பியைக் கேட்டார். காட்சிசாலையில் வைப்பாராம். நான் கொடுக்கவில்லை.

நாளை வேலை முடிந்ததும் அதை அண்ணி கையில் வைத்து, நீ ஏன் அங்கே போனாய் என்று சொல்லிவிடுவேன். அவள் என்னை அடிக்கலாம், மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். போனாலும் சொல்வேன் அண்ணே. இது சத்தியம்.

உன்னை அந்த இடுக்குக்கு அனுப்பிய தங்கை,
எஸ்தர்