மாதாவுக்குப் பக்கத்தில் ஒட்டிய படம்

முல்லைத்தீவு, 1993

பாரிசில் இருக்கும் என் அன்பானவருக்கு,

இங்கே செல் விழுந்து வெடித்ததை எழுதினேன். நீங்களோ பிரான்ஸ் உதைபந்தாட்ட அணிக்காக யாரோ கோல் அடித்ததை எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் பழுதாகி, ஆட்டத்தை விட்டு அவர் ஊருக்கே போய்விட்டாராம். கால் ஏலாதவரே வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். உங்களுக்கு என்ன?

உங்கள் படம் கேட்டேன். பத்திரிகையில் வெட்டிய அந்த ஆட்டக்காரரின் படம் வந்தது.

நீங்கள் போகும்போது வயிற்றில் இருந்த மகள், அது நீங்கள்தான் என்று மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். மாமிக்கு உங்கள் கடிதத்தை வாசித்தபோது அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்றுச் செபமாலை முடிய, “மாதாவே, அப்பான்ர முழங்காலைச் சுகமாக்கும். அவர் வீட்டை வரவேணும்” என்று மன்றாடினாள்.

நானும் ஆமென் சொன்னேன்.

இன்னும்
உங்கள் மனைவி