முகத்திலிருந்து ஆரம்பிக்கவும்

காஞ்சிபுரம்
9.6.2024

சங்கரிக்கு,

சிவராஜ் எழுதுவது. உறையின் மேலுள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருந்தால், மிச்சத்தையும் படித்துவிடு. உன் தம்பி வீராசாமியிடம் உன் போன் நம்பர் கேட்டேன். "நம்பர் தரக் கூடாதுன்னு அக்கா சொல்லிருக்காங்க மாமா. அட்ரஸ் வேணா தரேன், கடுதாசி போட்டுக்கோங்க" என்றான். நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. அட்ரஸ் கிடைத்ததே பெரிய விஷயம்தான்.

மே மாத முதல் வாரத்தில் ஓரிக்கை போய்விட்டுத் திரும்பும்போது ஒரு லாரி ஒதுக்கியதில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்தேன். இடது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. காலைச் சுற்றி வெளியே வளையம் வைத்து, எலும்பு வரை கம்பி ஏற்றியிருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசி வரை அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாதாம். நம் வீட்டுக் குளியலறைக்கு ஐந்து படி இறங்க வேண்டும், உனக்குத் தெரியும். முன்னறையிலேயே கட்டில். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஓட்டை போட்டது. சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வருகிறது. வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒரு மாதத்துக்கு மேலாகக் குளிக்கவில்லை. வைகாசித் திருவிழாவில் சாமி நம் தெரு முனை வழியாகப் போனார். மேளச் சத்தம் கிட்டே வந்ததும் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். தீபாராதனைத் தட்டோடு யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்று பயம். என் நாற்றம் எனக்கே தெரிகிறது.

போன வாரம் சாயப் பட்டறையிலிருந்து அந்தோணி வந்தான். பதினாறு வருஷம் என் பக்கத்தில் நின்று நூல் தோய்த்தவன். "எப்டி இருக்குதுண்ணா காலு?" என்று வாசலிலிருந்தே கேட்டான். துண்டு முனை மூக்கில். "ஜலதோஷம்ணா" என்றான். உள்ளே வரவில்லை.

அம்மா இரண்டு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். வந்து பார்த்த யாரும் மூக்கைச் சுளித்ததாக எனக்கு நினைவில்லை. எப்படிச் செய்தாய் சங்கரி? உன்னை வரச் சொல்லவில்லை. எப்படி என்று மட்டும் எழுது.

சிவராஜ்


புதுச்சேரி
15.6.2024

திரு. சிவராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அடிபட்டது வருத்தம்தான்.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். தினமும் பதினோரு பேரைத் துடைத்துவிடுகிறேன். அதனால் நீங்கள் கேட்டது எனக்குச் சிரமமான கேள்வி இல்லை.

அம்மா காலத்தில் வெந்நீரும் பழைய வேட்டித் துணியும்தான். இப்போது மருந்துக் கடையில் பெரியவர்களுக்கென்றே ஈரத் தாள் விற்கிறார்கள், வைப்ஸ் என்று. உள்ளங்கை அகலத்துக்குக் குழந்தைகளுக்கு வருவது வேண்டாம், பெரியதாகக் கேளுங்கள். வாசனை போட்டது வேண்டாம், தோல் எரியும். பாக்கெட்டைப் பிரிக்காமல் வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் உடம்பில் பட்டதும் தூக்கிப்போடும்.

முகத்திலிருந்து ஆரம்பிக்கவும். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடைக்க வேண்டும். பிறகு காதுக்குப் பின்னால், கழுத்து, கைகள், அக்குள், மார்பு, வயிறு. வயிற்று மடிப்பை விரித்துத் துடைக்கவும். பிறகு கால்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் இடுப்புக்குக் கீழே. ஒவ்வொரு இடத்துக்கும் புதுத் தாள். சிக்கனம் பார்க்க வேண்டாம். கம்பி ஏறிய இடத்தின் பக்கமே போக வேண்டாம், அதை ஆஸ்பத்திரியில் சொன்னபடி மட்டும் செய்யவும். துடைத்த இடம் காய்ந்த பிறகுதான் சட்டை. துடைத்த தாளைக் கழிவறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். மூடி போட்ட வாளியில் போட்டு வெளியே கொடுத்துவிடுங்கள்.

படுக்கை விரிப்பை மாற்றாமல் உடம்பை மட்டும் துடைத்துப் பயனில்லை.

பதில் எழுத வேண்டிய அவசியமில்லை.

சங்கரி


காஞ்சிபுரம்
24.6.2024

சங்கரிக்கு,

அவசியமில்லை என்று எழுதியிருந்தாய். ஆனாலும் செய்து பார்த்தவன் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டாமா?

மருந்துக் கடைக்குப் போன் போட்டேன். சங்கீதா என்று ஒரு பெண் எடுத்தது. "கொயந்தைக்கா அங்கிள்?" என்றது. வெட்கத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுவே ஸ்கூட்டியில் கொண்டுவந்து கொடுத்தது. கட்டிலைப் பார்த்தது, காலைப் பார்த்தது. வீட்டில் குழந்தை எங்கே என்று கேட்கவில்லை. "இது உங்களுக்குப் பத்தாது அங்கிள், இருங்க" என்று திரும்பிப் போய்ப் பெரிய பாக்கெட் நான்கு கொண்டுவந்தது.

முதல் நாள் முகத்தை முடிப்பதற்குள் தாள் கறுத்துவிட்டது. நீ சொன்ன வரிசையில் செய்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கழுத்துக்கு வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஏனென்று தெரியவில்லை. விபத்துக்குப் பிறகு கம்பியையும் ஊசியையும் தவிர, சூடாக, மெத்தென்று எதுவும் என்மேல் பட்டதில்லை, அதனால் இருக்கலாம். பட்டதும் என் கைதான்.

இப்போது தினமும் காலையில் செய்கிறேன். நாற்றம் போய்விட்டது. முதுகு மட்டும் எட்டவில்லை. சாதக் கரண்டியில் தாளைச் சுற்றி முயன்றேன், கரண்டிதான் பட்டது.

ஒன்று கேட்க வேண்டும். அம்மாவுக்கு இது கூச்சமாக இருந்ததா? நீ துடைக்கும்போது அம்மா ஏதாவது பேசுவார்களா?

சிவராஜ்


புதுச்சேரி
2.7.2024

வணக்கம்.

முதுகுக்கு: நீளமான ஈரிழைத் துண்டு ஒன்றை விரித்து, நடுவில் இரண்டு தாளை வைத்து ஊசியால் தைத்துக்கொள்ளுங்கள். துண்டை முதுகுக்குப் பின்னால் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மாறி மாறி இழுக்கவும். நடுமுதுகு வரை வரும். முழுதாக வேண்டுமென்றால் யாரையாவது கேட்கத்தான் வேண்டும். அந்தோணியைக் கேளுங்கள். மூக்கைப் பொத்தினான் என்பதற்காக விட்டுவிட வேண்டாம்.

அம்மாவைப் பற்றி. கூச்சம் இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். மூடியபடியே, "கதவ சாத்திக்கினியாம்மா? சிவராசு வந்துடப் போறான்" என்பார்கள். நீங்கள் வர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சாத்திவிட்டேன் அத்தை என்று மட்டும் சொல்வேன். சில நாள் அதற்குப் பிறகும் கதவுப் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருப்பார்கள். நீங்கள் வந்துவிடக் கூடாது என்று பயந்தார்களா, வர வேண்டும் என்று பார்த்திருந்தார்களா, எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். தை அமாவாசை. உங்கள் பெரியப்பா வீட்டார் எல்லாரும் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைச் சுத்தம் செய்துவிட்டு, மூன்று முறை சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்து பரிமாறினேன். உங்கள் இலையில் சாதம் வைத்தபோது, "உன் கை நாறுது. வேற யாராவது வைங்கப்பா" என்றீர்கள். இலையை நகர்த்தினீர்கள். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். உங்கள் பெரியம்மா என்னிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று முதல் நான் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறேன். இங்கேயும் அப்படித்தான். அம்மாவின் காரியம் முடியும் வரை இருந்தது அம்மாவுக்காக. மறுநாள் கிளம்பினேன். ஏன் போனாள் என்று வீராசாமியிடம் பலமுறை கேட்டீர்களாம். இதுதான்.

சங்கரி


காஞ்சிபுரம்
9.7.2024

சங்கரி,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில் இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். அன்றைக்குப் போட்ட வடை நினைவிருக்கிறது, பெரியப்பா போட்ட சண்டை நினைவிருக்கிறது. இது இல்லை. நீ பொய் சொல்வதாகச் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன். சொன்னது எனக்கு ஒன்றுமே இல்லாத விஷயமாகப் போயிருக்கிறது, அதனால்தான் மறந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே பயமாக இருக்கிறது.

யாரோ கட்டப்போகும் கூரைப் புடவைக்கு, நூலை நான்கு தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியில்லை என்று ஐந்தாவது தண்ணீரிலும் அலசிய கை இது. பெற்றவளை ஒரு தடவை துடைத்ததில்லை. பட்டறையில் நூல் வேகவைக்கும் சோடா உப்பின் வாடையோடு வந்து உன் எதிரில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்டிருக்கிறேன். நீ ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

நேற்று முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் குரல் இருக்கிறதா என்று செருமிப் பார்த்தேன்.

மன்னித்துவிடு. வந்துவிடு சங்கரி. உன் கையால் ஒரு வேலையும் வேண்டாம். சும்மா வந்து இந்த வீட்டில் இரு. போதும்.

சிவராஜ்


புதுச்சேரி
18.7.2024

வணக்கம்.

நான் வரப்போவதில்லை.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் எப்போதோ போய்விட்டது. இங்கே எனக்கு ஒரு அறை இருக்கிறது. கிழக்கே ஜன்னல். வேலை முடிந்து கதவைச் சாத்தினால் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். சில நாள் அது நன்றாக இருக்கிறது, சில நாள் தாங்க முடியவில்லை. இரண்டுமே நான் தேடிக்கொண்டதுதான்.

முதல் கடிதத்தில் "உன்னை வரச் சொல்லவில்லை, எழுது" என்று மட்டும் கேட்டிருந்தீர்கள். அதனால்தான் பதில் போட்டேன். இப்போது நீங்கள் கூப்பிடுவது என்னையா, அந்த வீட்டில் ஒரு குரலையா என்று உங்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள நான் வந்து இருந்து பார்க்க முடியாது. எனக்கு ஐம்பத்தைந்து வயது ஆகிறது.

மன்னிப்புக் கேட்டதை ஏற்றுக்கொள்கிறேன். அதை எழுதாமல் விட்டால் தவறு.

காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் துடைத்த இடம் சீக்கிரம் காயாது, மின்விசிறியைப் போட்டுக்கொள்ளவும். இனி எழுத வேண்டாம்.

சங்கரி


காஞ்சிபுரம்
22.9.2024

சங்கரிக்கு,

வேண்டாம் என்று சொன்ன பிறகு எழுதுகிறேன். இந்த ஒன்றோடு நிறுத்திவிடுவேன்.

ஆகஸ்ட் கடைசியில் கம்பியை எடுத்தார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் தென்னேரிக்காரர் ஒருவர், ராமலிங்கம். எண்பது வயது, இடுப்பு முறிவு. அசைக்கவே முடியாது. கூட இருந்தது மகன் கலைவாணன், அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். மாத்திரை வாங்குவான், டீ வாங்குவான், டாக்டரைத் தேடி ஓடுவான். அப்பா கட்டிலின் பக்கத்தில் மட்டும் வந்து நிற்க மாட்டான். வராந்தாவில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வார்டு ஆயாம்மாவுக்கு முப்பது கட்டில். பெரியவர் மேல் நாற்றம் வர ஆரம்பித்துவிட்டது. அதற்காக அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்து வைத்துக்கொண்டார், அந்த வெயிலிலும்.

மூன்றாம் நாள் என் பையிலிருந்த வைப்ஸை எடுத்தேன். அவனைக் கூப்பிட்டேன். "அப்பாவ தொடவே கூச்சமா இருக்குதுண்ணா. சின்னதுல இருந்து தொட்டதே இல்ல" என்றான். திட்டலாம் என்று வந்தது. திட்ட நான் யார்? "எனக்கும் அப்படித்தாம்பா இருந்துச்சு. நான் செய்றேன், நீ கூட நில்லு, போர்வைய மட்டும் புடிச்சிக்கோ" என்றேன்.

முகத்தை நான் துடைத்தேன். பெரியவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி. ஊன்றுகோலோடு குனிய முடியாமல் எனக்கு மூச்சு வாங்கியது. அதைப் பார்த்து, "குடுண்ணா" என்று அவனே தாளை வாங்கிக்கொண்டான். கையைத் துடைக்கும்போது பெரியவர், "யாருபா அது?" என்றார். "நான்தாம்பா, கலை." "நீ எதுக்குடா இதெல்லாம் செஞ்சிக்கினு" என்றார். சொல்லிக்கொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. அவன் இன்னொரு கையால் மிச்சத்தைத் துடைத்தான்.

நான் என் கட்டிலுக்குப் போய் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குச் செய்யாதது இதனால் சரியாகிவிட்டது என்று சொல்ல எழுதவில்லை. ஆகாது. நீ எழுதிய வரிசை எங்கோ தென்னேரிக்காரர் ஒருவருக்குப் பயன்பட்டது, அது உனக்குத் தெரியாமல் போகக் கூடாது. அதற்காகத்தான்.

இப்போது படி இறங்கிக் குளிக்கிறேன். நடக்கிறேன், சாய்ந்துதான். அந்தோணி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், உள்ளே வந்து உட்கார்கிறான். உன்னைக் கூப்பிட மாட்டேன். உன் அறை உனக்கு நன்றாக இருக்கட்டும்.

சிவராஜ்


புதுச்சேரி
6.10.2024

உங்கள் கடிதம் வந்தது. பதில் எழுதுவதாக இருக்கவில்லை.

இங்கே பொன்னியம்மாள் என்று ஒருவர் இருந்தார். எண்பத்து மூன்று வயது. நான்கு வருஷமாகத் தினமும் காலையில் என்னைத் திட்டுவார். தாளை வெதுவெதுப்பாக எடுத்துக்கொண்டு போனாலும், "சுடுதுடி, கொல்லப் பாக்குறியா" என்பார். முடித்ததும் நான் அந்த அறையை விட்டுப் போகக் கூடாது, அவருக்குத் தலை வாரிவிட்டு, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

நேற்று மத்தியானம் போய்விட்டார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு நாள் ஆகுமாம். கடைசியாக நான்தான் துடைத்துவிட்டேன். வழக்கம்போல வெதுவெதுப்பாகவே எடுத்துக்கொண்டு போனேன். தேவையில்லை என்று தெரியும். தலை வாரினேன். ஐஸ் பெட்டி வந்து, அவரை அதில் வைத்துத் தூக்கிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் பத்துப் பேருக்குச் சாயங்காலக் காபி கொடுக்க வேண்டும் அல்லவா.

இன்று எனக்கு லீவு. காலையிலிருந்து அறையில் இருக்கிறேன். இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சங்கரி