மடியில் சாகவில்லை

என்னைச் சுமந்து வளர்த்த வெள்ளையம்மா அக்காவுக்கு,

தோணி இறங்கி நாம் நடந்தே வரப் புறப்பட்ட கண்டிக்கு இப்போது கொழும்பிலிருந்து ரயில் வருகிறது. காப்பிச் செடிக்குத்தான் கேடு வந்துவிட்டது. இலையில் மஞ்சள் தூள் பிடித்து, மலை மலையாக மொட்டையாகிறது. நாம் தேடி வந்த காப்பி எனக்கு முன்னால் போய்விடும் போலிருக்கிறது.

நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன், அக்கா. சந்தையில் பாதிரியார் உரக்கப் படிப்பதைக் காதில் வாங்கி, அவர் கொடுத்த புத்தகத்தில் அதே பக்கத்தை விரலால் தேடித் தேடிக் கற்றேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெயரெல்லாம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காப்பிக்கொட்டை பொறுக்குகிற பெண்களுக்கு நான்தான் மூத்தவள். கறுத்தது, உடைந்தது ஒன்று கிடந்தாலும் அவர்கள் கொட்டை பரப்பிய சுளகைத் திருப்பித் தள்ளிவிடுவேன். உன்னைப் பற்றி எழுதியதையும் அப்படியே பொறுக்கினேன். இந்தச் சொல் மட்டம், அந்த வரி கோணல் என்று கிழித்தே பல வருடம் போயிற்று. சொல்லில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறை வேறு. முதலில் எழுதியதில் நீ என் மடியில் செத்தாய். ஊரெல்லாம் நான் சொல்லிவைத்ததும் அதுதான். அடுத்து எழுதியதில், காட்டுப் பாதையில் பேதி கண்டு விழுந்த நீயே என்னைப் போகச் சொன்னாய். போன மாதம்தான் நடந்ததை எழுதினேன். நின்றால் எல்லோருக்கும் தொற்றும் என்று நம்மைக் கூட்டிவந்த கங்காணி விரட்டினான். உன் தலைமாட்டில் தண்ணீர்ச் சட்டியை வைத்தேன். நீ என் சேலை நுனியைப் பிடித்து, "கொஞ்சம் இரு புள்ள" என்றாய். நான் விரலைப் பிரித்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்தேன். கங்காணியை நான் மன்னிக்கவில்லை. ஆனால் விரலைப் பிரித்தது அவன் இல்லையே.

கடைவீதி அச்சுக்கூடத்தில் தாள்களைத் திருத்துகிற யாழ்ப்பாணத்து உபாத்தியாயரிடம் அச்சுப்போடக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆச்சி, இது அச்சில வந்தால் ஊர் உங்களைத்தான் ஏசும். அக்கா போகச் சொன்னதா மாத்துவம்."

"அவ சொல்லலையே."

"அது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீறாப்பாக வந்தேனே தவிர, வழியெல்லாம் அவர் பேச்சையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அவர் சொன்னது பொய்யில்லையே?

மறுநாள் மத்தியானம், சோறு தின்ற கையோடு பெண்கள் உட்கார்ந்திருந்தபோது தாளை எடுத்தேன். கறுப்பாயி காத்திருந்தவள் போலச் சொன்னாள்: "எங்க சொளக எத்தன வாட்டி தள்ளிவிட்ட கெழவி. இப்ப ஒன் சொளகக் கொட்டு, பாப்போம்."

கொட்டினேன். கறுத்தது உடைந்தது எல்லாவற்றோடும் படித்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிடப் பயமாக இருந்தது. ஒருத்தி, இதையெல்லாம் எதுக்கு வெளியில சொல்லணும் என்று முணுமுணுத்து எழுந்து போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

அந்தப் பாதையில் ஆளை இழக்காத வீடு எங்கள் கிட்டங்கியில் இல்லை, அக்கா. எல்லோரும் மடியில்தான் செத்தார்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். அத்தனை மடிக்கு அந்தக் காட்டில் நேரம் ஏது?

சாயங்காலம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது, கறுப்பாயி என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "எங்கப்பனும் மடியில சாகல."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நானும் அவள் பின்னாலேயே நடந்தேன்.

நாளைக்கு அச்சுக்கூடத்துக்குப் போகிறேன். ஒரு சொல்லையும் மாற்ற விடமாட்டேன். நீ மன்னிப்பாயா என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. ஏசுகிறவர்கள் என் வீட்டுக்கே வரட்டும். அன்றைக்கு நீ கேட்டும் நான் இருக்கவில்லை. இந்த முறை யார் என்ன சொன்னாலும், உன் பெயர் போட்ட இந்தத் தாளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகமாட்டேன்.

உன் சேலை நுனியைப் பிடித்தே திரிந்த தங்கச்சி,
பேச்சியம்மா