சுண்ணாம்புக்குக் கீழே சிவப்பு

இன்று காலை அந்தச் சிற்றாலயத்தின் கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு மணத்தது. பெயின்ட் அடிக்க யன்னல்களை அளவெடுக்கப் போயிருந்தேன். மியூனிக்கிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம், சுற்றிவரச் சோளவயல். முப்பது வருடங்களுக்கு முன் நீயும் நானும் சேர்ந்து வேலை செய்த இடம். அதன்பின் நான் அந்தப் பக்கம் போனதில்லை. நீ இறந்து பத்து மாதமாகிறது. உனக்குச் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

கட்டிடம் அப்படியேதான் இருக்கிறது. வீதியைப் பார்த்த முகப்பு மட்டும் செதுக்கிய கல், பக்கச் சுவரெல்லாம் வயலில் பொறுக்கிய உருட்டுக்கல். "முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டிருக்கினம்" என்று நீ சிரித்தாய். முதல் நாள் வாசலில் சப்பாத்தைக் கழற்றினாய், நானும் கழற்றினேன். பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் சாரத்தில் ஏறினால் வீட்டுக்கு அனுப்புவேன் என்று எங்கள் வேலைத்தலைவர், ஜெர்மன்காரர் சொல்கிற மைஸ்டர், கத்தினார். "கோயிலுக்கை சப்பாத்தோட எப்பிடி மச்சான் போறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டாய்.

மேல்மாடத்தின் பின்சுவரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவது எங்கள் வேலை. நீ வலது மூலையிலிருந்து, நான் இடது மூலையிலிருந்து. மூன்றாம் நாள் உன் சுரண்டும் தகட்டின் கீழ் சிவப்பு தெரிந்தது. பிறகு ஒரு விரல், பிறகு முழுக் கை.

"சுரண்டிப் போடு மச்சான். பழைய படம் எண்டு தெரிஞ்சால் வேலையை நிப்பாட்டிப் போடுவாங்கள். உன்ர விசா என்ன ஆகிறது?" என்றேன். அந்த வேலைக் கடிதத்தை வைத்துத்தான் நீ விசாவுக்கு விண்ணப்பித்திருந்தாய். அது கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த உன் மனைவியைக் கூப்பிடலாம்.

"ஆரோ மினக்கெட்டுக் கீறியிருக்கிறான். என்னாலை சுரண்ட ஏலாது." இறங்கிப் போய் மைஸ்டரைக் கூட்டி வந்தாய்.

நான் சொன்னபடியே நடந்தது. வேலை நின்றது, எங்கள் இருவரையும் நிறுத்தினார்கள். என்னிடம் விசா இருந்தது, வேறு வேலை தேடிக்கொண்டேன். உன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உன் மனைவி வந்துசேர ஆறு வருடமாயிற்று. அந்த ஆறு வருடமும் உன்னை விசரன் என்று திட்டினேன். "விடு மச்சான், நான்தானே போய்ச் சொன்னனான்" என்பாய்.

இன்றுதான் முழுப் படத்தையும் பார்த்தேன். அந்தச் சிற்றாலயத்தைக் கட்ட ஊர்ச்சனங்கள் கல் சுமந்து வருகிறார்கள். நீ சுரண்டிய வலது பக்கத்தில் இருக்கும் ஆட்களுக்குக் கண், மூக்கு, தாடி எல்லாம் தெளிவாக இருக்கின்றன. இடது மூலையில் நிற்கும் பெண்ணுக்கு முகம் இல்லை. காலத்தால் அழிந்தது என்று கீழே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அழித்தது நான். நீ சிவப்பைக் கண்டதற்கு முதல் நாளே என் தகட்டின் கீழ் அந்த முகம் வந்தது. கண்டேன், சுரண்டினேன், தூளைக் கூட்டி வாளியில் போட்டேன். உன் விசாவுக்காகத்தான் என்று என்னை நானே நம்பவைத்தேன். நீ மைஸ்டரிடம் போனபோது, அகப்பட்டுவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பயத்தைத்தான் உன்மேல் கோபமாகக் கொட்டினேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் போனதற்கு வெட்கப்படுகிறேன்.

அவளைக் கண்டவன் நான் ஒருவன்தான். வலது கன்னத்தில் சின்னதாக ஒரு மச்சம் இருந்தது.