கத்தரிக்கோல் பட்ட சிறகு

அக்கா, பக்கத்து அறையில் மருமகள் நகச்சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள். அந்த வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வரும். எனக்கு விமானம். உலகத்திலேயே உனக்கும் எனக்கும் மட்டும்தான் அப்படி இருந்தது. நீ கண்மூடி ஆறு வருடமாகிறது, இப்போது எனக்கு மட்டும்.

இன்று காலை ஒரு ரிசார்ட் மேனேஜர் வந்துபோனார். அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் முதலிலிருந்து வருகிறேன், அப்போதுதான் என் ஆத்திரம் ஆறும்.

எழுபதுகளின் கடைசி. கொடைக்கானலில் அந்தப் பள்ளி விடுதியின் சலவைக்கூடத்தில் நீயும் நானும். பெருமாள்மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள் நான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள் நீ. மாணவிகள் கழித்துப்போட்ட பழைய படப்புத்தகம் ஒன்றில் அதைப் பார்த்தாய். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிறகு வைத்த அந்தக் காலத்து விமானம், மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தபடி அளவோடு வரைந்திருந்தது.

"எங்க தொரை பங்களாவுல இது படமாத் தொங்குச்சு புள்ள. பத்து வருசம் தூசி தட்டுனேன். கை படாமத் தட்டணும்னு சட்டம்" என்றாய். கொஞ்ச நேரம் துணி பிழிந்தாய். பிறகு, "நாமளே செஞ்சா தொடலாம்ல?" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏக்கா, நமக்கு வேற சோலி இல்லையா?" என்றேன். மறுநாளே நீ உன் தேயிலைப் பெட்டியை உடைத்து, அந்த மெல்லிய பலகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாய். கடல் தாண்டி உன்னோடு வந்த ஒரே பெட்டி. அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல?

நிஜ விமானத்தின் ஓர் அடிக்கு நம்முடையதில் ஓர் அங்குலம் என்று தையல் டேப்பால் கணக்குப் போட்டோம். சிறகுக்குள் வைக்கும் விலாக்குச்சிகளை நீ பிளேடால் அறுத்தாய், நான் உப்புத்தாளால் தேய்த்தேன். துணி அவிக்கும் அண்டாவின் ஆவியில் காட்டினால் பலகை சொன்னபடி வளைந்தது. முன்னால் சுழலும் விசிறியை, சமையற்கட்டுக்குப் பின்னால் முறிந்து விழுந்த பேரிக்காய்க் கிளையில் செதுக்கினாய். இரண்டு சிறகுக்கும் நடுவே பட்டன் நூலைக் குறுக்கும் நெடுக்குமாய் இழுத்துக் கட்டினோம். எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஒரு வருடம் நாம் நின்றுகொண்டேதான் சாப்பிட்டோம்.

துணி போர்த்துவதில்தான் கோட்டைவிட்டோம். தொழில் புத்தி எங்கே போகும்? பழைய கைக்குட்டைத் துணியைச் சிறகில் ஒட்டிக் கஞ்சி போட்டோம். வெயிலில் அப்பளமாய் விறைத்தது. காலையில் மூடுபனி புகுந்ததும் தொளதொளவென்று தொங்கியது. இந்த ஊர்ப் பனியில் கஞ்சி நிற்காது என்று மேசைவிரிப்புகளைப் பார்த்துத் தினமும் புலம்புகிறவர்கள் நாம், அதையே மறந்தோம். பிடிவாதமாய் இன்னும் கெட்டியாகப் போட்டோம். எலி தின்றுவிட்டது.

நான் அழுதேன். நீ அழவில்லை. மாணவிகளின் நைலான் காலுறையில் கிழிசல் ஓடாமலிருக்க அவர்கள் வைக்கும் நகச்சாயப் பொட்டைத் தடவிக்கொண்டிருந்தாய். எத்தனை முறை வெளுத்தாலும் போகாமல் நம் உயிரை வாங்கிய பொட்டு. "கஞ்சி கரையுது. இந்தச் சனியன் கரையல. அப்ப இதுதான்" என்றாய். மாணவிகள் மிச்சம் வைத்த சீசாக்களைக் கேட்டு வாங்கினோம். பூசப்பூசத் துணி இறுகியது. அதனால்தான் நம் விமானத்தில் நாலு விதச் சிவப்பு.

மே மாதம், மலர்க் கண்காட்சியின் கைவினை மேசை. பொறுப்பாளர் விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரும்மா செஞ்சு குடுத்தது?" என்றார். நாங்கள்தான் என்றேன். "மரவேலைம்மா இது" என்று சிரித்தபடி, விடுதித் தச்சரின் பெயரை அட்டையில் எழுதினார். மேசை போட வந்திருந்த தச்சர் அங்கேதான் நின்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குக் காது மடலெல்லாம் கொதித்தது. ஆனாலும் உன் கையைப் பிடித்து, "விடுக்கா, வேலை போயிரும்" என்றேன். அந்த வார்த்தைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

நீ இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாய். கீழ்ச்சிறகின் துணியைக் குறுக்கே ஒரே வெட்டு. கூட்டம் எட்டிப் பார்த்தது. உள்ளே விலாக்குச்சிகள் வரிசையாய்த் தெரிந்தன. தச்சரிடம் கத்தரிக்கோலை நீட்டினாய்.

"செஞ்சவரு நீங்கதானே அண்ணே. மூடிக் காட்டுங்க."

அவர் அட்டையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க. அவங்க செஞ்சதுங்க" என்றார். உன் முந்தானையிலிருந்து, வழியில் கிழிந்தால் ஒட்டவென்று முடிந்து வந்த சீசாவும் கைக்குட்டையும் வந்தன. நான் துணியை இழுத்துப் பிடித்தேன், நீ பூசினாய். அத்தனை பேர் கண்முன்னால் அது சுருக்கம் நீங்கி விறைத்தது. பொறுப்பாளர் அட்டையில் தச்சர் பெயரை அடித்து, நம் இருவர் பெயரையும் எழுதினார். பரிசு பூவேலைத் தலையணைக்குப் போனது. "பரிசு கெடக்கு புள்ள. பேரு இருக்குல்ல" என்றாய். அந்த ஒட்டு வெளியே தெரியாதபடி மறைக்கவும் நீ விடவில்லை. நீ கண்மூடுவதற்கு முன் விமானத்தையும் கத்தரிக்கோலையும் என்னிடம் கொடுத்தாய்.

இன்று வந்தவர் அதைத் தன் ரிசார்ட் வரவேற்பறையில் வைக்கக் கேட்கிறார். "இந்த ஒட்டை மட்டும் சரி பண்ணிடலாம்மா. அந்தக் காலத்து வெள்ளைக்கார ஃபாதர் யாரோ செஞ்சதுன்னு அட்டை வெச்சா கெஸ்ட்டுங்க ரசிப்பாங்க" என்றார். செய்தவர்கள் நீயும் நானும்தான் என்று அவரிடம் சொன்னேன். கிழவியின் பேச்சை ரசிப்பதுபோலச் சிரித்தார். யோசித்து வையுங்கள், நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

யோசித்துவிட்டேன் அக்கா. மருமகளிடம் ஒரு சீசா வாங்கி வைத்திருக்கிறேன். உன் கத்தரிக்கோலைச் சாணை பிடித்தாயிற்று. நாளைக்கு வந்து அதே வார்த்தையைச் சொல்லட்டும். மேல்சிறகு இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது.