பாயசத்தில் மீன் சினை

நேற்று நுவரெலியாவில் எங்கள் பள்ளிக்கூட அதிபரின் மகனுக்குக் கல்யாண வரவேற்பு. பெரிய ஹோட்டல். "மிஸ், சுஷி எடுங்க" என்று தட்டை நீட்டினார்கள். சின்னச் சோற்று உருண்டைகள், அவற்றின் தலையில் செம்மஞ்சள் மணிகள். கூட வந்த டீச்சர்மார் முகத்தைச் சுளித்தார்கள். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மணிகள் ஒவ்வொன்றாய்ப் பல்லில் உடைந்து உப்புப் பரவியது. அதற்குப் பிறகு மேடையில் யார் என்ன பேசினார்கள் என்று என்னைக் கேட்டால் தெரியாது. நான் நோர்வூட்டுக்கு மேலே, மலைத்தண்ணீர் கொட்டும் நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் பீலியடியில் உன்னோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நீ கொழும்பில் ஒரு ஜப்பான் குடும்பத்தின் குசினியில் சமையல் வேலை செய்தாய். லீவுக்கு வந்தவள் பேப்பரில் சுற்றி இரண்டு டப்பா கொண்டுவந்திருந்தாய். ஒன்று செம்மஞ்சள், ஒன்று பச்சை. பஸ் ஹட்டனுக்கு வருமுன்பே ஐஸ் கரைந்துவிட்டதாம். பீலித் தண்ணீரில் டப்பாக்களை வைத்து, மேலே கல்லைத் தூக்கி வைத்தாய்.

"பறக்குற மீனோட சினை, புள்ள."

"மீன் எங்கடி பறக்கும்? கொழும்புக்குப் போனா பொய்யும் வந்துருமா?"

"நானும் பாத்ததில்ல. மேடம் படம் காட்டுனாங்க. ரெக்கை இருக்கு."

நான் அதுவரை கடலைக் கண்டதில்லை. எப்படியிருக்கும் என்று கேட்டேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் நிறைந்து கிடந்தது. நீ கையை நீட்டினாய். "இந்தா, இப்புடித்தான். ஆனா சத்தம் போடும்." அன்றைக்குச் சூடான ரொட்டியில் அதைப் பரப்பித் தந்தாய். அவித்த உருளைக்கிழங்கில் தூவினாய், வெள்ளரித் துண்டில் வைத்தாய். பச்சையில் கலந்திருந்த காரம் மூக்கில் ஏறி நான் தும்மித் தீர்த்தேன். அங்கே சோற்றைச் சுருட்டி அதன்மேல் போடுவார்கள், முட்டைப் பொரியலிலும் போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாய். எனக்கு அது ஏதோ கதை கேட்பதுபோல் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வலப்பனையில் பலசரக்குக் கடை. எனக்கோ தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. "மருமக கடையில ஒக்காந்தா போதும்" என்று அவர்கள் சொல்லியனுப்ப, அப்பா என்னைக் கேட்காமலே சரியென்றுவிட்டார். எனக்கு வேண்டாம் என்று உன்னிடம் அழுதேன். நீ ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

"பாயசம் யாரு வைக்கிறா?" என்று மட்டும் கேட்டாய்.

"அம்மா."

"நான் வைக்கிறேன்னு சொல்லு."

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். நீ ஜவ்வரிசிப் பாயசத்தை ஆறவைத்து, கோப்பைகளில் ஊற்றி, மேலே செம்மஞ்சள் மணிகளைத் தூவினாய். "கலர் ஜவ்வரிசிங்களா? கொழும்புச் சாமானா?" என்று அந்த அம்மா ஆசையாகத்தான் எடுத்தார். இரண்டாவது கரண்டியில் மெல்வதை நிறுத்தினார்.

"என்னம்மா இது, வாய்க்குள்ள வெடிக்குது? உப்புக் கரிக்குதே."

நீ முகர்ந்து பார்த்தாய். தலையில் கைவைத்தாய். "டப்பா மாறிப்போச்சுங்க. இது மீன் சினைங்க."

அவ்வளவு அப்பாவியான முகத்தை நான் கண்டதேயில்லை. அந்த அம்மா வெளியே ஓடினார். சகுனம் சரியில்லை என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவர்களின் வேன் தேயிலைக்குள் இறங்கி மறைந்தது.

உன் அப்பா விளக்குமாற்றை எடுத்தார். லயமே உன்னை ஏசியது. நல்ல காரியத்தில் மீன் கவிச்சியைக் கலந்தவள் என்று, உனக்குக் கவிச்சி என்றே பேர் வைத்தார்கள். நீ கொழும்புக்குப் பஸ் ஏற வந்த இடத்தில், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று உன் கையைப் பிடித்தேன்.

"வாயத் தொறந்த, அறைஞ்சுருவேன். நீ போயி பாடம் சொல்லிக்குடு." பிறகு சிரித்தாய். "பச்சையையும் போடலாம்னுதான் பாத்தேன். பாவம்னு விட்டுட்டேன்."

எனக்கு வேலை கிடைத்தது. உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கு, லயத்து வாசலை மிதிக்குமுன்பே யாராவது அந்தப் பாயசக் கதையைச் சொல்லிவிடுவார்கள். வந்த வழியே திரும்பிவிடுவார்கள். உனக்கு அது சிரிப்பாக இருந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

பின்னாளில் நீ நுவரெலியாவிலேயே ஒரு ஹோட்டலுக்குச் சுஷி செய்ய வந்தாய். ஈரக் கையால் சோற்றைப் பிடித்து, கரண்டியின் முதுகால் மணிகளைப் பரப்புவாய். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் நகர்ந்துகொண்டிருக்கும். இப்போதும் சில விடியற்காலைகளில் என் கனவில் கொழுந்துச் செடிகளுக்கு மேலே மீன்கள் பறக்கின்றன. நீ கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாய். சத்தமே இல்லை.

போன மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. செத்த வீட்டில் உன் அண்ணன் பெண்டாட்டி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "நல்ல மனசுங்க. வெவரந்தான் பத்தாது. பாயசத்துல மீனப் போட்டவதானே." அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "யாருக்கு வெவரம் பத்தாது? தெரிஞ்சுதான் போட்டா. எனக்காகப் போட்டா. அவ அன்னிக்குப் போடலேன்னா நான் இன்னிக்கு டீச்சர் இல்ல."

உன் சொல்லை மீறியதற்கு நீ கோபித்தால் கோபித்துக்கொள். இத்தனை வருஷம் விழுங்கினது போதும் எனக்கு. இனி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உன் அப்பா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உன் நெற்றியில் கையை வைத்து, "அப்ப நான் அடிக்கிறப்ப ஏம்மா சொல்லல?" என்று உன்னிடம்தான் கேட்டார். நீ பதில் சொல்வாயென்று நானும் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.