கிரிஸ்பியஸ்ட்டுக்கு மேலே

மார்ச் 4
இந்த வருடப் பாக்கெட்டுக்குப் புது ஆங்கிலச் சொல் வேண்டுமாம். நான் எங்கே போவேன்? பாக்கெட் வாசகம் எழுத இந்தப் பிஸ்கட் கம்பெனியில் சேர்ந்தபோது 'கிரிஸ்பி' இருந்தது. மறுவருடம் 'கிரிஸ்பியர்' ஆக்கினேன். போன வருடம் 'கிரிஸ்பியஸ்ட்'. உள்ளே மூன்று வருடமும் அதே நமத்துப்போன பிஸ்கட். பாவம், அதற்கு ஆங்கிலம் தெரியாது.

மார்ச் 9
என் வீட்டுக்காரர்தான் அங்கே அடுப்புப் பிரிவுக்குப் பொறுப்பு. சூட்டைக் குறைத்து, கூடுதல் நேரம் வேகவைத்த புது பிஸ்கட் ஒன்றைக் கொண்டுவந்தார். கடித்தேன். அடுத்த அறையிலிருந்து மாமியார், "என்ன உடைஞ்சுது?" என்றார்.
"இப்ப எழுது, முன்னைவிட கிரிஸ்பியர்னு," என்றார் இவர். கல்யாணத்தன்றுகூட இந்த முகம் இப்படி மலர்ந்ததில்லை.

மார்ச் 12
மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. "உச்சிக்குப் போயிட்டு இறங்கலாமாம்மா? அப்ப முன்னாடி நல்லா இல்லையான்னு கேப்பாங்க."
கம்பெனி வக்கீல் அதற்கும் மேலே. "கிரிஸ்பியர்னா எதைவிடன்னு நிரூபிக்கணும். அதைப் போட்ட வருஷம் பூரா பயந்துகிட்டே இருந்தேன். கிரிஸ்பியஸ்ட்னா யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் அதான போடுறாங்க."
ஆக, உண்மைக்குத்தான் சாட்சி வேண்டும். புளுகு தாராளமாக உலவலாம்.

மார்ச் 13
இவரிடம் சொன்னேன்.
"ஊர்ப்பட்ட பொய்ய எழுதுற. புருஷன் செஞ்ச ஒரு உண்மைய எழுத வராதா?"
என்னத்தைச் சொல்ல — இவருக்குச் சேரவேண்டிய சொல்லை நான்தான் முன்கூட்டியே செலவழித்துவிட்டேன்.

மார்ச் 14
சாப்பிடும்போது இவர் உப்பைக்கூடக் கேட்காமல் தானே எழுந்துபோய் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 20
முதலாளி அடுப்புப் பிரிவுக்கே வந்துவிட்டார். "பாக்கெட்ல ஏற்கெனவே கிரிஸ்பியஸ்ட்னுதான இருக்கு? அப்புறம் எதுக்குக் கூடுதலா கேஸ எரிக்கிறீங்க?"
பழைய பிஸ்கட்டே போதுமாம். புது அச்சுச் செலவை மிச்சம்பிடித்ததற்காக எனக்குப் பாராட்டு வேறு. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். இவரும் தட்டினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 2
இவர் வேலையை விட்டுவிட்டு வேறு பிஸ்கட் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். சின்ன இடம், சம்பளமும் குறைவு. பித்துப் பிடித்துவிட்டதா என்று மாமியார் புலம்பினார்.
அங்கே பாக்கெட்டில் இன்னும் வெறும் 'கிரிஸ்பி'தானாம்.
பல நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேல ஏற இன்னும் ரெண்டு படி பாக்கி இருக்கு. நான் செஞ்சு காட்டின பிறகுதான் எழுதணும்னு சொல்லிட்டேன். எழுத ஆள் தேடுறாங்க, வரியா?"